மூன்று முதுகுகள்

“தனிய ஓடினா நான்தான் முதலாவது. நாலு பேரா ஓடினா நான்தான் நாலாவது. ஏன் அக்கா?”

செந்தூரி பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைகளை இன்னும் கழற்றவில்லை. தலைக்கவசத்தைக்கூட எடுக்கவில்லை. கேள்விதான் முதலில் வந்தது.

அவளுடைய பயிற்றுநர் மயூரதி குனிந்து தன் சப்பாத்தின் கொளுவிகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினாள்.

ஸ்கீ கிராஸ் அப்படிப்பட்ட விளையாட்டு. காலையில் ஒவ்வொருவராக மலையிலிருந்து இறங்குவார்கள். யார் எவ்வளவு நேரத்தில் வந்தார்கள் என்று பார்த்து வரிசைப்படுத்துவார்கள். பிற்பகலில் நால்வர் நால்வராக. பனியால் கட்டிய திட்டுகள், சாய்ந்து நிற்கும் வளைவுகள், ஆளை அந்தரத்தில் தூக்கிப் போடும் மேடுகள். எல்லாவற்றையும் நாலு பேரும் ஒரே நேரத்தில், ஒரே பாதையில் கடக்க வேண்டும். முதலில் வரும் இருவர் அடுத்த சுற்றுக்கு. மற்ற இருவர் வீட்டுக்கு.

செந்தூரி காலையில் ராணி. பிற்பகலில் பார்வையாளர்.

“என்ன நடக்குது? சொல்லு,” என்றாள் மயூரதி.

“நல்லாத்தான் தொடங்குறன். முதல் மேட்டிலை நான்தான் முன்னுக்கு. பிறகு கேக்கும்.”

“என்ன கேக்கும்?”

“என்னோடை ஓடுறவையள்தான். செலினின்ரை ஸ்கீ பனியை அராவுற சத்தம். அனினா மூக்காலை மூச்சு விடுவாள், குதிரை மாதிரி. திரும்பிப் பாக்காமலே எனக்குத் தெரியும், ஆர் எங்கை வாறாளெண்டு.”

“பெரிய கெட்டித்தனம்தான்.”

“பகிடி விடாதேங்கோ அக்கா. உடனை வழியை மறிக்கப் பாப்பன். உள்பக்கம் மறிச்சா வெளிப்பக்கத்தாலை போறாளவை. வெளிப்பக்கம் மறிச்சா உள்ளுக்காலை போறாளவை.”

மயூரதி எழுந்து நின்று இடது முழங்காலை ஒருமுறை உதறிக்கொண்டாள்.

“நாளைக்கு வா.”

*

சுவிஸின் ஒரு மலையூர். அங்கே தமிழ்க் குடும்பங்கள் சிலதான். இரண்டு பேருடைய அப்பாமாரும் ஒரே ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கிச் சமையல்காரர் ஆனவர்கள். மயூரதி சில வயது மூத்தவள். முழங்கால் போகும்வரை ஓடினாள். போனபிறகு ஊர்க் கழகத்தின் பயிற்றுநர்களில் ஒருத்தி ஆனாள்.

பருவத்தின் கடைசிப் போட்டி மார்ச்சில். அதன் இறுதிச் சுற்றில் முதல் இரண்டு பேருக்கும் தேசிய அணியில் இடம். செந்தூரி அந்த இடத்தை இரண்டு குளிர்காலம் தவறவிட்டிருந்தாள். மூன்றாவது முறையும் தவறினால் கழகம் வேறு ஆளைப் பார்க்கும். அதை அவர்கள் மறைக்காமலே சொல்லிவிட்டார்கள்.

*

மறுநாள் மலையுச்சியில் நாலு பேரும் ஓட்டம் தொடங்கும் கதவுகளுக்குப் பின்னால் குனிந்து நின்றார்கள். அனினா, செலின், யொகானா, செந்தூரி. எல்லோரும் ஒரே கழகம். எல்லோருக்கும் வேண்டியது அதே இரண்டு இடங்கள்.

மயூரதி செந்தூரிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

கதவுகள் விழுந்தன. மூன்று பேர் பாய்ந்தார்கள்.

செந்தூரி அசையவில்லை. அசைய முடியவில்லை. அவளுடைய சட்டையின் முதுகுப் பக்கம் மயூரதியின் கைக்குள் இருந்தது.

“அக்கா!”

மற்றவர்கள் முதல் திட்டைத் தாண்டினார்கள். அப்போதுதான் கை விட்டது.

“போ.”

செந்தூரி அடிவாரத்துக்குக் கடைசியாக வந்து சேர்ந்தாள். மயூரதி மெல்ல இறங்கி வரும்வரை காத்திருந்தாள்.

“கை தவறுதலாப் பட்டதோ?”

“இல்லை.”

“பின்னை?”

“அடுத்த முறையும் பிடிப்பன்.”

பிடித்தாள். அதற்கடுத்த முறையும் பிடித்தாள்.

*

பயிற்சி முடிந்ததும் மயூரதி கேட்டாள்:

“என்ன கண்டனீ?”

“மூண்டு முதுகு.”

“சரி.”

இன்னொரு நாள் கேட்டாள்:

“இண்டைக்கு?”

“அதே மூண்டு முதுகுதான். என்ன, தேவாரம் பாடுமெண்டு நினைச்சியளோ?”

“நாளைக்கும் பார்.”

*

கம்பியில் தொங்கும் இருக்கைகளில் மலைமேல் போகும்போது அனினா பக்கத்து இருக்கையிலிருந்து ஜெர்மனில் கேட்டாள்:

“உன் பயிற்றுநர் உனக்கு நாய்களுக்குப் போடும் கழுத்துப்பட்டி வாங்கித் தரவில்லையா? சட்டை பாவம், கிழிந்துவிடப் போகிறது.”

செந்தூரி எதிர்ப்பக்க மலையைப் பார்த்தாள்.

“கோபிக்காதே. எனக்கு நல்லதுதானே,” என்றாள் அனினா. “இப்படியே மார்ச்வரை பிடித்து வைக்கச் சொல்.”

வீட்டில் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

“நாலு பேர் மலையிலையிருந்து இடிபட்டு உருளுறதுக்கு ஒரு பயிற்சி. அதிலை ஒருத்தியைப் பிடிச்சு வேறை வைக்கினம். அவள் மயூரதிக்கு முழங்காலிலை மட்டும்தான் அடிபட்டதோ, இல்லை தலையிலையும் பட்டதோ?”

“சாப்பிடுங்கோ அப்பா.”

“நான் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறன். நீதான் சாப்பிடேல்லை.”

*

பெப்ரவரியில் ஒருநாள் செந்தூரி முடிவெடுத்தாள்.

கதவு விழுந்த அதே நொடியில் உடம்பு முழுவதையும் முன்னால் எறிந்தாள். முதுகில் துணி கிழியும் சத்தம் கேட்டது. குளிர் உள்ளே புகுந்தது. அவள் முன்னால் இருந்தாள். முதல் திட்டு, இரண்டாவது திட்டு. அவளுக்கு முன்னால் எவரும் இல்லை. குளிர்காலம் முழுக்க இதற்குத்தானே ஏங்கினாள்.

பிறகு கேட்டது.

அராவும் சத்தம். வலப்பக்கம். இல்லை, இடப்பக்கம். மூச்சு.

மூன்றாவது வளைவில் தோளுக்குக் கீழால் ஒரு பார்வை பார்த்தாள். அரைப் பார்வைதான்.

ஸ்கீயின் விளிம்பு வழுக்கியது. வானம் கீழே வந்தது. பாதுகாப்பு வலை அவளை வாங்கிக்கொண்டது.

மற்ற மூவரும் கடந்து போனார்கள். கொஞ்ச நேரம் கழித்து மயூரதி ஓரமாகச் சறுக்கி வந்து நின்றாள். அவள் கையில் ஒரு துண்டுச் சிவப்புத் துணி இருந்தது.

“முன்னுக்கு நிக்க நல்லா இருந்ததோ?”

செந்தூரி வலையிலிருந்து கையை விடுவித்துக்கொண்டாள்.

“காலைக் காட்டு. மடக்கு. நீட்டு. ஒண்டுமில்லை, எழும்பு.”

“எழும்ப மாட்டன். ஏன் என்னைப் பிடிச்சு வைக்கிறியள்? வாயைத் திறந்து சொன்னா என்ன குறைஞ்சு போயிடுவியளோ?”

“சொன்னா காதாலைதானே கேப்பாய்.”

“பின்னை வேறை எதாலை கேக்கிறது?”

“உன்ரை காதுக்கு ஏற்கெனவே வேலை கூட,” என்றாள் மயூரதி. துணியை அவள் மடியில் போட்டுவிட்டுக் கீழே போனாள்.

*

அந்த வாரம் செந்தூரி மலைக்கு வரவில்லை.

கழகத்தில் கேட்டார்கள். மயூரதி தோளைக் குலுக்கினாள்.

வாரம் முடிந்து ஒரு காலையில், இன்னும் பனி பெய்துகொண்டிருந்தபோது, செந்தூரி வந்தாள். கிழிந்த இடத்தில் தடித்த துணியை வைத்துத் தைத்திருந்தாள். தையல் வடிவாக இல்லை. ஆனால் உறுதியாக இருந்தது.

அனினா அதைப் பார்த்துச் சிரித்தாள். செந்தூரி கதவுக்குள் போய்க் குனிந்து நின்றாள். பின்னால் திரும்பாமலே சொன்னாள்:

“பிடியுங்கோ.”

மயூரதி பிடித்தாள்.

அதற்குப் பிறகு “என்ன கண்டனீ?” என்று அவள் கேட்கவில்லை. செந்தூரியும் சொல்லவில்லை. நாள்தோறும் மூன்று பேர் போனார்கள். கை விட்டது. நாலாவது ஆள் போனாள். சில நாள்கள் மூன்றாவதாக வந்தாள். ஒருநாள் முதலாவதாகவும் வந்தாள். மயூரதி அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் பிடித்து வைத்தாள், அவ்வளவுதான்.

*

மார்ச் வந்தது.

காலை ஓட்டத்தில் செந்தூரி முதலாவது. அதில் எவருக்கும் ஆச்சரியமில்லை. அப்பா குசினி உடுப்போடு வேலிக்கு வெளியே நின்று கைதட்டினார்.

பிற்பகலின் முதல் சுற்றில் தப்பினாள்.

அரையிறுதியில் முன்னால் போனாள். பின்னால் சத்தம் கேட்டது. தோள்கள் இறுகின. ஒருத்தி உள்பக்கத்தால் போய்விட்டாள். இன்னொருத்தி முடிவுக் கோடுவரை அவளோடு ஒட்டிக்கொண்டே வந்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துத்தான் செந்தூரியை இரண்டாவது என்றார்கள். ஸ்கீயின் நுனி அளவு வித்தியாசம்.

இறுதிச் சுற்றுக்கு அதே நாலு பேர்தான் எஞ்சினார்கள்.

மயூரதி மேலே வந்தாள். பயிற்றுநர்கள் அங்கே வந்து நிற்கலாம். மற்றப் பயிற்றுநர்கள் தங்கள் ஆள்களின் தொடைகளைத் தட்டிச் சூடேற்றினார்கள், காதுக்குள் ஏதேதோ சொன்னார்கள்.

மயூரதி செந்தூரிக்குப் பின்னால், வழக்கமான இடத்தில் நின்றாள்.

“அக்கா.”

“ம்.”

“இன்னும் கேக்குது.”

“கேக்கட்டும்.”

“இண்டைக்குப் பிடிக்க மாட்டியள்தானே?”

“இண்டைக்குப் பிடிச்சா என்னை மலையிலையிருந்து தள்ளி விட்டிடுவாங்கள்.”

இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். பிறகு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

செந்தூரி கைப்பிடிகளைப் பற்றினாள். குனிந்தாள்.

கதவுகள் விழுந்தன.

மூன்று பேர் பாய்ந்தார்கள்.

செந்தூரி நின்றாள்.

எவரும் அவளைப் பிடிக்கவில்லை. ஆனால் முதுகு அந்தக் கைக்காகக் காத்திருந்தது. குளிர்காலம் முழுவதும் பழகிய முதுகு. இழுபட வேண்டும், விடுபட வேண்டும், பிறகுதான் போக வேண்டும் என்று அதற்குத் தெரியும். இன்று அதைப் பிடிக்கவும் இல்லை, விடவும் இல்லை.

வேலிக்கு வெளியே அப்பா “ஐயோ” என்றது மேலே கேட்டிருக்க முடியாது.

ஒரு கண்சிமிட்டல்தான். பிறகு கைகள் தாங்களாகவே இழுத்தன. அவள் போனாள்.

முன்னால் மூன்று முதுகுகள்.

பதற்றம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. இந்த இடம் அவளுக்குத் தெரிந்த இடம். குளிர்காலம் முழுக்க இங்கேதான் குடியிருந்தாள். முதல் திட்டு. இரண்டாவது திட்டு. பின்னால் ஒருவரும் இல்லை. கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

முதலாவது வளைவு.

முதுகுகள் ஒன்றோடொன்று நெருங்கின, விலகின, மீண்டும் நெருங்கின. விலகியபோது இடையில் பனி தெரிந்தது. வெள்ளையாக, அகலமாக. பாதையின் விளிம்பில் தெளித்திருந்த நீலச் சாயம். அதற்கப்பால் அடுத்த வளைவின் சுவர். அதற்கும் அப்பால் மேடு.

செந்தூரி சுவரைப் பார்த்தாள்.

மூன்றாவது வளைவுக்குள் போகும்போது அவளுக்கு முன்னால் இரண்டு முதுகுகள் இருந்தன. மற்றது என்னவாயிற்று என்று யோசிக்கவில்லை. இடப்பக்கம் சரிவு நல்ல இறுக்கமாக இருந்தது. அதில் போனாள்.

பெரிய மேடு. காற்று. கால்கள் மடங்கின. இறங்கும் இடம் கீழே விரிந்தது. அதன் நடுவில் ஒரு தடம், எவரும் மிதிக்காத தடம். அதிலேயே இறங்கினாள்.

பிறகு ஒரு முதுகு.

பிறகு கோடு.

*

முடிவுப் பலகையில் பெயர்கள் ஒளிர்ந்தன. முதலாவது அனினா. இரண்டாவது செந்தூரி.

அனினா அவளைக் கட்டிப்பிடித்து முதுகில் பலமாகத் தட்டினாள், தைத்த இடத்திலேயே. அப்பா வேலியைத் தாண்டப் பார்த்தார். காவலுக்கு நின்றவன் அவரைத் தடுத்து, பிறகு சிரித்து, விட்டுவிட்டான். தேசிய அணிக்காரர் ஒருவர் வந்து கை குலுக்கி, திங்கட்கிழமை எங்கே வர வேண்டும் என்று சொன்னார். செந்தூரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

மயூரதி கடைசியாகத்தான் வந்தாள். பாதையின் ஓரமாக, ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று, முழங்காலைப் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

செந்தூரியின் ஸ்கீக்களை வாங்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“பிந்தித் தொடங்கினனீ.”

“ஓம்.”

“பெரிய மேட்டிலை ஆரை முந்தினனீ? செலினையோ, யொகானாவையோ?”

செந்தூரி யோசித்தாள். மேடு நினைவிருந்தது. நீலக் கோடு நினைவிருந்தது. இறங்கிய இடத்தில் பனி கொஞ்சம் மிருதுவாக இருந்ததும், ஸ்கீ அதில் அமிழ்ந்து எழுந்ததும் நினைவிருந்தது.

“அக்கா,” என்றாள், “அதிலை ஆரும் நிண்டவையோ?”