சிரித்ததற்கு அத்தாட்சி

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. உறுதியாக இருக்கிறது. ஆனால் அது தில்லையம்பலத்துக்குச் சேரவேண்டியது. அவர் வந்து வாங்கிக்கொள்ளும்வரை நாமும் பொறுக்கத்தான் வேண்டும்.

"அம்மா, நான் சிரிச்சு மூண்டு வருசமாச்சு," என்றார் அவர்.

பூரணி அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. அவருக்கு அறுபத்திரண்டு. ஒரு காலத்தில் வானொலி நாடகங்களில் கிழவன், குழந்தை, பொலிஸ்காரன், காகம், கிறீச்சிடும் கதவு எல்லாமே அவள்தான். ஒருநாள் அத்தனையையும் விட்டுவிட்டு, ரொறன்ரோவுக்கு வடக்கே, ஏரிக்கரையில் ஒரு மரவீட்டில் வந்து அமர்ந்தாள். கேள்விகளோடு வந்தவர்கள் அதை ஆச்சிரமம் ஆக்கிவிட்டார்கள்.

"மூண்டு வருசத்துக்கு முதல் என்ன நடந்தது?"

"பல்கலைக்கழகத்துக்குத் தலைவரானன்."

"அதுக்கு முதல்?"

"இடியப்பம்."

சும்மா இடியப்பம் இல்லை. அகதியாக வந்து, வாடகை அறையில் அவித்து, பனிக்குள் நடந்து கடை கடையாகக் கொடுத்த இடியப்பம். பிறகு தொழிற்சாலை வந்தது. உறைய வைத்த பொதிகளில் அவருடைய படத்தோடு பதினொரு நாடுகளுக்குப் போனது. ஒரு சின்னப் பல்கலைக்கழகம் படுத்துவிட்டபோது, வியாபாரம் தெரிந்த ஆள் வேண்டும் என்று அவரைத் தேடி வந்தார்கள். போனார். தூக்கி நிறுத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"எல்லாம் நல்லாத்தான் போகுது அம்மா. என்ர அறை வாசலிலைதான் ஒரு பிள்ளை இருக்குது. ஒன்பது நாளா."

"என்ன பிள்ளை?"

"சண்டை நடக்கிற ஏதோ நாட்டுப் பிள்ளை. எங்கட ஆள் இல்லை. கணக்குப் படிக்க வேணுமாம். பள்ளிக்கூடம் எரிஞ்சுபோச்சாம், சான்றிதழும் எரிஞ்சுபோச்சாம். அத்தாட்சி இல்லாமல் எப்பிடி எடுக்கிறது? ஏலாது எண்டிட்டன்."

"பிறகு?"

"பிறகென்ன, நிலத்திலை இருந்து கொப்பியிலை கணக்குச் செய்யுது. சத்தம் போட்டாலாவது காவலாளியைக் கூப்பிடலாம். கணக்கெல்லோ செய்யுது!"

"எத்தினை நாளைக்கு இருக்கும்?"

"திங்கட்கிழமை சேர்க்கை மூடுது. அதோட எழும்பிப் போயிடும்." கொஞ்சம் பொறுத்துக் கேட்டார். "போயிடும்தானே அம்மா?"

அம்மா ஒரு பாயை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"அதை விடுங்கோ. என்ர மனுசிதான் அனுப்பினவ. நீங்கள் எல்லார்ரை குரலிலையும் கதைப்பியளாம், கேட்டால் கல்லும் சிரிக்குமாம். என்னை ஒருக்காச் சிரிக்க வையுங்கோ. வேற ஞானம் ஒண்டும் வேண்டாம்."

"உங்களுக்கெண்டே ஒரு சிரிப்பு இருக்கு," என்றாள் அம்மா. "நல்ல சிரிப்பு. வயிறு நோகும். ஒரு சின்ன ஒழுங்கு மட்டும் முடிச்சிட்டுத் தாறன்."

தில்லையம்பலம் வசதியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

அம்மா தொண்டையைச் செருமினாள். தொலைபேசிக்குள் இருக்கும் பெண் வந்தாள்.

"உங்கள் வருகை எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்."

பிறகு அந்தக் காத்திருப்பு இசையை மூக்காலே வாசித்தாள். கால் மணி நேரம். ஒரு சுரம் பிசகவில்லை.

"இதுதானோ சிரிப்பு?" என்றார் அவர் மரியாதையாக.

"இல்லை. இது வரிசை."

அடுத்தது ஒரு ஆண் குரல். தொண்டை கரகரத்தது. விமான நிலையத்துக் குடிவரவு அதிகாரியின் கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து வந்தது போல இருந்தது.

"ஏன் வந்தனீர்?"

தில்லையம்பலத்தின் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. முப்பத்தெட்டு வருடம் கழித்தும் அந்தக் கைக்கு அந்தக் கேள்வி தெரிந்திருந்தது.

"சிரிக்க வந்தனான்."

"முந்திச் சிரிச்சிருக்கிறீரோ?"

"நிறைய."

"அத்தாட்சி?"

"என்னத்துக்கு அத்தாட்சி?"

"முந்திச் சிரிச்சதுக்கு."

அவர் யோசித்தார். "இடியப்பப் பொதியிலை என்ர படம் இருக்கு. சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

"அது படம் பிடிச்சவர் சொல்லிச் சிரிச்சது. மூலப்பிரதி வேணும். சிரிச்ச இடத்திலையிருந்து, கூட இருந்தவையின்ர கையெழுத்தோட."

தில்லையம்பலத்துக்கு முகம் மாறியது.

"அம்மா, நான் சிரிச்ச வீடு இப்ப இல்லை. ஷெல் விழுந்து எரிஞ்சு நிலமட்டமாப் போச்சு. அண்ணையும் நானும் ஒரு பாயிலை கிடந்து, ஐயாவுக்குக் கேட்காமல் வாயைப் பொத்திப் பொத்திச் சிரிப்பம். அண்ணையும் இல்லை. நான் ஆரிட்டைப் போய்க் கையெழுத்து வாங்கிறது?"

வெளியே ஏரி தெரிந்தது.

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். இப்போது மூன்றாவதாக ஒரு குரல் வந்தது. மெத்தென்ற குரல். கொஞ்சம் மூக்கால் பேசும். மூன்று சொல்லுக்கு ஒருதரம் இளைப்பாறும்.

"உங்கள் நிலைமை எங்களுக்கு... நல்லாக விளங்குகிறது. ஆனால் எல்லாருக்கும்... ஒரே ஒழுங்குதான்."

"என்ன விசர்க் கதை!" தில்லையம்பலம் எழுந்தே விட்டார். "ஆள் உயிரோட முன்னாலை நிக்கிறன். சிரிப்பைச் சொல்லிப் பாருங்கோவன். சிரிச்சால் தெரியும், சிரிக்காட்டியும் தெரியும். அதுக்கு ஏன் எரிஞ்சுபோன வீட்டைத் தோண்டுவான்?"

"விதி அப்படித்தான்... இருக்கிறது, ஐயா."

"விதியாம்! என்ர தொழிற்சாலைக்கு வேலை கேட்டு வந்த ஒரு பொம்பிளையிட்டையும் நான் கடதாசி கேட்டதில்லை. சுடு மாவையும் இடியப்ப உரலையும் கையிலை குடுத்து, ஒரு தட்டுப் பிழி பிள்ளை எண்டுவன். மூண்டு நிமிசம். கை சொல்லிப்போடும். கையைவிட என்ன அத்தாட்சி வேணும்?"

"அது இடியப்பம், ஐயா... இது நிறுவனத்தின்ர... தரம் சம்பந்தப்பட்ட விசயம்."

"தரமோ!" அவருக்கு மூச்சு வாங்கியது. "முன்னால நிக்கிற மனிசரைப் பார்க்கத் தெரியாதவன் தரம் கதைக்கிறான். ஆரம்மா இந்த ஆள்? இப்பிடி ஒருத்தனை நான் கேற்றுக் காவலுக்குக்கூட நிப்பாட்ட மாட்டன். இவனை நம்பி ஒரு இடத்தை ஆர் குடுத்தது?"

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் மூடியிருந்தது.

அவர் தன்னை அடக்கிக்கொண்டார். தலைவர் அல்லவா. சட்டையை இழுத்துச் சரிசெய்தார். கூட்டங்களில் செய்வதுபோலக் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"உங்கட சங்கடம் எனக்கு... நல்லாக விளங்குது, அம்மா. ஆனால் அந்த ஆளின்ர... பேரை மட்டும் சொன்னால்..."

மெத்தென்ற குரல். கொஞ்சம் மூக்கால்.

பூரணி அம்மாவின் உதடு அசையவே இல்லை.

"அம்மா," என்று மறுபடி தொடங்கினார் தில்லையம்பலம். அந்தக் குரல் காதில் விழுந்ததும், நிறுத்திவிட்டார்.