குடிகளின் பெயரால் உண்ட விருந்து

மலையருவிகள் மலிந்த செங்குன்ற நாட்டை முன்னொரு காலத்தில் விசயதுங்க ராயர் என்னும் மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தாம், ஆயினும் காலையில் தோன்றிய எண்ணத்தை மாலைக்குள் ஆணையாக்கிவிடும் அவசரக்காரர்.

அவரது தலைநகரில் நீர்வரி செலுத்தாத வீடே இல்லை. மலைச்சுனையிலிருந்து வாய்க்கால் வழியே வரும் நீர் முதலில் அரண்மனைக்கும், அடுத்து யானைக் கொட்டாரத்துக்கும், பின்னர் நந்தவனத்துக்கும் பாய்ந்து, மிச்சமிருந்தால் கீழைத்தெருவை எட்டும். அரண்மனைக் கழிவுநீரோ மிச்சம் வைக்காமல் முழுவதும் அத்தெருவின் வழியேதான் ஓடும்.

ஒருநாள் மன்னருக்கு நந்தவனத்தில் நீராழி மண்டபம் எழுப்பும் ஆசை பிறந்தது. நீர்வரியை இரட்டிப்பாக்குவதென்றும், செலுத்தாத தெருவின் மடையை அடைத்துவிடுவதென்றும் எண்ணினார்.

"குடிகள் சார்பில் யாரேனும் ஒருவர் சம்மதம் தரட்டும்" என்றார்.

அமைச்சர் திருமேனியாரின் செல்வாக்கைக் கண்டு நெடுங்காலமாகப் புழுங்கிக்கொண்டிருந்த பூவராகர் என்னும் அரண்மனைக் காரியக்காரர் முந்திக்கொண்டார். "வேந்தே! குடிகளின் பிரதிநிதியாக அடியேன் இருக்கிறேன். எவ்வளவு கேட்டாலும் அவர்கள் பூரித்துப்போய்த் தருவார்கள்!"

"கீழைத்தெருவுக்குக் கடைசியாக எப்போது போனீர்?" என்று அமைச்சர் வினவினார்.

"பல்லக்கில் கடந்திருக்கிறேன். இரு கைகளாலும் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தபடியால் எதையும் சரியாகக் கவனிக்கவில்லை."

அவை சிரித்தது. மன்னரும் சிரித்தார். சிரிக்காமல் நின்றவள் ஒருத்தியே. அவள் பெயர் மாடத்தி. கீழைத்தெரு மக்கள் தங்கள் குறையைச் சொல்லி வரும்படி அனுப்பிய பெண்.

"சாமி, எங்க தெருவுக்காகப் பேச என்னைத்தான் அனுப்பினாங்க. இவரை யாரு அனுப்பினது?"

"வாயை மூடு! பிரதிநிதி பேசிக்கொண்டிருக்கும்போது குடிகள் பேசலாமா?" என்று பூவராகர் சீறினார்.

மறுநாள் அரண்மனையில் நடக்கவிருந்த விருந்து முடிந்ததும் ஆணையில் முத்திரை வைப்பதாக மன்னர் அறிவித்தார். அப்போது அமைச்சர் எழுந்தார்.

"வேந்தே, ஒரு தூதருக்குச் செய்வது, அவரை அனுப்பியவருக்கே செய்வதாகும் என்பது நம் அவையின் வழக்கம். பூவராகர் குடிகளின் தூதரல்லவா? ஆகவே குடிகளுக்குரிய மரியாதையை நாளை விருந்தில் அவருக்குச் செய்ய உத்தரவு வேண்டும்."

பூவராகர் மீசையை முறுக்கினார். "ஒரு குறையும் வைக்காமல் செய்யுங்கள்!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர்.

மறுநாள் விருந்து மண்டபத்தில் பூவராகரின் இலை கடைக்கோடிப் பள்ளத்தில் போடப்பட்டது. மிளகுக் குழம்பை அள்ளி உண்டவருக்கு விக்கல் எடுத்தது.

"தண்ணீர்! தண்ணீர்!"

"பொறுங்கள் ஐயா. முதலில் மன்னர் அருந்தவேண்டும். அடுத்து யானைகள். அதன்பின் மல்லிகைச் செடிகள்" என்றான் பரிமாறுபவன்.

"விக்கியே செத்துவிடுவேனடா!"

"மிச்சமிருந்தால் தங்களுக்குத்தான் ஐயா."

அதற்குள் உண்டு முடித்தவர்கள் இருந்த இடத்திலேயே கை கழுவினர். அந்த நீரெல்லாம் பள்ளம் நோக்கி ஓடி, பூவராகரின் இலையை மிதக்கவிட்டு, பட்டு வேட்டியையும் நனைத்தது. அவர் துள்ளியெழுந்து மன்னர்முன் ஓடினார்.

"வேந்தே! இது எனக்கு நேர்ந்த அவமானமன்று. என்னை அனுப்பிய குடிகளுக்கு நேர்ந்த அவமானம்! இப்படிக் கட்டளையிட்டவரைத் தண்டியுங்கள்!"

மன்னர் கண் சிவந்தார். "யார் இட்ட கட்டளை இது?"

"தங்கள் கட்டளை" என்றார் அமைச்சர். "முதலில் அரண்மனை, அடுத்துக் கொட்டாரம், பின்னர் நந்தவனம், மிச்சம் குடிகளுக்கு; கழிவு முழுவதும் குடிகளுக்கு. அடியேன் எதையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இவர் ஒருவேளை உணவில் பட்டதை, இவர் யார் பெயரால் உண்டாரோ அவர்கள் நாள்தோறும் படுகிறார்கள்."

மன்னர் கையிலிருந்த நீர்க்குவளையைக் கீழே வைத்தார்.

"மூக்கைப் பொத்தியதாக இவர் சொன்னபோது நானும் சிரித்தேனே" என்று முணுமுணுத்தார். பிறகு தமது முத்துமாலையைக் கழற்றி அமைச்சரிடம் நீட்டினார்.

அமைச்சர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வேண்டாம் வேந்தே. நீரை இப்படிப் பங்கிட்ட பழைய ஆணையில் முத்திரை வைத்த கை இதுதான். என் வீட்டுத் தொட்டி நிறைந்திருந்தது. ஆகவே வாய் திறக்கவில்லை. அந்தப் பள்ளத்தில் எனக்கும் ஓர் இலை போட்டிருக்கவேண்டும்."

வரி உயர்வு அப்போதே கைவிடப்பட்டது. கழிவுநீருக்குக் கோட்டைக்கு வெளியே தனிக் கால்வாய் வெட்டும் வேலை பூவராகரிடம் ஒப்படைக்கப்பட்டது. பல்லக்கு கிடையாது என்றும் சொல்லப்பட்டது. வரி செலுத்துவோர் தேர்ந்தெடுப்பவரே இனி அவர்களுக்காகப் பேசலாம் என்று மன்னர் விதித்து, முடிவை அறிய மண்டப வாசலில் காத்திருந்த மாடத்தியை நோக்கினார்.

"அம்மா, நாளை உங்கள் தெருவுக்கு வந்து மன்னிப்புக் கேட்க விரும்புகிறேன். வரலாமா?"

"வாங்க சாமி. வேட்டியை முழங்காலுக்கு மேல தூக்கிக் கட்டிக்கிட்டு வாங்க."

மன்னர் அவ்வாறே சென்றார். மாடத்தியின் வாசலை அடையும்போது கால்களில் சேறு அப்பியிருந்தது. அவள் உள்ளே போய், குடிப்பதற்கென்று எடுத்துவைத்திருந்த ஒரு செம்பு நீரைக் கொண்டுவந்து குனிந்தாள்.

"காலைக் காட்டுங்க சாமி. வீடு தேடி வந்தவங்க சேத்தோட நிக்கலாமா?"

காலை நீட்ட மன்னருக்கு மனம் வரவில்லை. செம்பை அவள் கையிலிருந்து மெல்ல வாங்கி வாசற்படியில் வைத்தார். நந்தவனத்து மடையை அடைத்துக் கீழைத்தெரு மடையைத் திறக்க ஆளனுப்பினார். அத்தெருவின் கடைசி வீட்டுக் குடமும் நிறையும் வரையில், செங்குன்ற நாட்டை ஆண்ட விசயதுங்க ராயர் சேற்றுக் கால்களோடு அங்கேயே நின்றார்.