கவிழ்த்து வைத்த செம்பு

"அம்மா, மாதம்மா யாருக்குப் பொண்டாட்டி? எனக்கா, உங்களுக்கா?"

வந்து உட்காருவதற்கு முன்பே வேடியப்பன் கேட்டுவிட்டான்.

தவமணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மலையடிவாரத்து மடத்தில் அவள்தான் குரு. முன்பு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். வேடியப்பனைவிட வயதில் இளையவள், அதனால் அவனை அண்ணா என்பாள். குரு என்பதால் அவன் அவளை அம்மா என்பான். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். இவர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை.

"என்ன ஆச்சுண்ணா?"

"செம்பு."

விஷயம் இதுதான். இரண்டாவது பிரசவத்தில் மாதம்மாள் பிழைத்ததே பெரும்பாடு. இப்போது இன்னொரு கரு தங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆபரேஷன் செய்ய உடம்பு தேறவில்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை. ஆணுறை என்ற பேச்சை எடுத்தாலே வேடியப்பன் முகம் சுளிப்பான். கடைசியில் அவள் தவமணியிடம் வந்து, காலையில் தெர்மாமீட்டரில் பார்க்கும் உடம்புச் சூட்டையும் மற்ற குறிகளையும் வைத்துக் கரு தங்கும் நாளை அறியக் கற்றுக்கொண்டாள். ஆகாத நாளில் அறை வாசலில் ஒரு செம்பைக் கவிழ்த்து வைப்பாள். வாயால் சொல்லக் கூச்சம்.

செம்பு கவிழ்ந்திருந்தால் அவன் கூடத்தில் படுக்க வேண்டும்.

"அவ உடம்புல என்ன நடக்குதுன்னு உங்களுக்குத் தெரியுது. அந்தத் தெர்மாமீட்டருக்குத் தெரியுது. கட்டினவன் எனக்குச் செம்போட முதுகு மட்டும்தான் தெரியுது. அதைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதும்மா. நாள் பாத்துத்தான் கவுக்கறாளா, என்னைப் புடிக்காமக் கவுக்கறாளா, யாரு கண்டா?"

"வேற யாராச்சும் அவங்க மனசுல இருக்காங்கன்னு நெனைக்கறீங்களா?"

"நெனைக்காத நாளில்லை. அன்னிக்குப் பால்காரர்கிட்டச் சிரிச்சுப் பேசினா. அன்னிக்கும் செம்பு கவுந்துதான் இருந்துச்சு. என்னடி கதைன்னு கேட்டேன். அதோட என்கிட்டப் பேச்சை நிறுத்திட்டா."

காதலுக்குத்தான் கண் இல்லை என்பார்கள். பொறாமைக்கும் இல்லை போலிருக்கிறது. அந்தப் பால்காரருக்கு வயது எழுபது.

தவமணி கீரையைத் தள்ளி வைத்தாள்.

"நாளையிலேர்ந்து தெர்மாமீட்டரை நீங்க வையுங்க. அண்ணி கண்ணு முழிச்சதும், எழுந்திருக்கறதுக்கு முன்னாடி. நீங்களே படிச்சு அவங்ககிட்டச் சொல்லுங்க. சூடு துளி ஏறி, ஏறினது எறங்காம நின்னா, கரு தங்குற நாள் தாண்டிடுச்சு. ஏறாத வரைக்கும் கிட்டப் போகக் கூடாது. மத்த குறியை அண்ணி பாத்துக்குவாங்க."

"பொறாமைக்கு மருந்து கேட்டா, தெர்மாமீட்டரைப் படிக்கச் சொல்றீங்களே!"

"ஆமா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சில நாள் கழித்து வந்தான்.

"சூடு ஏறலைம்மா."

"பொறாமை?"

"அது எறங்கலை."

"வேற என்ன பாத்தீங்க?"

வேடியப்பன் தலையைச் சொறிந்தான்.

"நான் படிச்சு முடிக்கற வரைக்கும் அவ மூச்சே விடறதில்லை. வெரலு பாயோட ஓரத்தை முறுக்கிக்கிட்டே இருக்குது. ஏறலைன்னு சொன்னா என் மூஞ்சியைப் பாத்துட்டு டக்குனு கண்ணை மூடிக்கறா. பயந்த மாதிரி."

"எதுக்குப் பயம்? சாவுக்கா, உங்களுக்கா?"

 வேடியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அடுத்து வந்தது மாதம்மாள். படியேறும்போதே அழுகை.

"அம்மா, உங்க அண்ணனுக்கு வேற எவளோ இருக்கா."

தவமணிக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள்.

"உக்காருங்க அண்ணி. என்ன நடந்துச்சு?"

"நேத்துச் சாயங்காலம் நானே செம்பை நிமித்தி வெச்சேன். தலைக்குக் குளிச்சு, பூ வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரு வந்தாரு. வாசல்ல நின்னு செம்பைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. குனிஞ்சு அந்தச் செம்பைக் கவுத்து வெச்சாரு. பாயை எடுத்துக்கிட்டுக் கூடத்துக்குப் போயிட்டாரு."

"ஒண்ணும் சொல்லலையா?"

"ஒரு வார்த்தை சொல்லலை. எத்தனை நாளா ஏங்கிக் கெடந்த மனுசன்! வேற எடத்துல பசியாறாம எப்படிம்மா போவாரு? எவ அவ? விடிய விடிய எனக்குத் தூக்கமில்லை. வயிறு எரியுது."

"நாள் தாண்டிடுச்சா?"

மாதம்மாள் முந்தானை நுனியைத் திருகினாள்.

"இல்லை."

"அப்புறம் ஏன் நிமித்தினீங்க?"

"பால்காரரோட சேத்துப் பேசிட்டாரும்மா. அந்தச் சந்தேகத்தோட தெனம் குடும்பம் நடத்தறதுக்கு, இன்னொரு பிரசவத்துல போய்ச் சேந்தாலும் தேவலைன்னு தோணிச்சு."

தவமணிக்குச் சிரிப்பு போய்விட்டது. மாதம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்துக் காலையில தெர்மாமீட்டரைப் படிச்சது யாரு அண்ணி?"

"அவருதா..."

மாதம்மாள் பாதியில் நிறுத்தினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. அவள் செருப்பு மடத்து வாசலிலேயே கிடந்தது.