மரங்கொத்திக்கே தெரியாத செய்தி

நடுவே ஓர் ஆறு ஓட, இரு கரையிலும் பரந்து கிடந்தது ஒரு காடு. தென்கரையில் செம்பி என்ற புள்ளிமான் தன் கூட்டத்தோடு வாழ்ந்தது. அதன் தங்கை நீலி வடகரை மேட்டில் இருந்தது.

அந்தக் கோடையில் தென்கரைப் புல்லெல்லாம் கருகிவிட்டது. வடகரையிலோ பச்சைப் பசேலென்று புல்! அங்கே காட்டெருமைகள் மேய்ந்ததால் செந்நாய்களும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆற்றைக் கடந்துவிட்டால் போதும்.

கடப்பதற்குப் பாறைத்துறை, மூங்கில்துறை, மணல்துறை என்று மூன்று வழிகள் இருந்தன. ஆனால் தென்கரைப் புதர்களில் உறுமன் என்ற செந்நாய் தன் கூட்டத்தோடு பதுங்கித் திரிந்தது. எந்தத் துறையில் அது இல்லை என்பது மேட்டிலிருந்து பார்க்கும் நீலிக்குத்தான் தெரியும்.

நீலியின் செய்திகளை மஞ்சரி என்ற மைனா கொண்டுவந்தது. நொடியில் பறந்து வரும், கூலியும் கேட்காது. எல்லா மான்களுக்கும் அதைப் பிடிக்கும்.

"நாளைக் காலை மூங்கில்துறை!" என்றது மஞ்சரி.

மான்கள் போயின. புதருக்குள்ளிருந்து செந்நாய்கள் பாய்ந்தன! மான்கள் சிதறி ஓடித் தப்பின.

"இன்று பாறைத்துறை!" என்றது மஞ்சரி இன்னொரு நாள். அங்கும் உறுமன் காத்திருந்தது. ஒரு குட்டியின் காலைக் கவ்வியே விட்டது. செம்பி திரும்பிப் பாய்ந்து முட்டியதால்தான் குட்டி பிழைத்தது.

செம்பி மூச்சிரைக்க மைனாவிடம் வந்தது. "மஞ்சரி, பெரிய அத்திமரத்துப் பழமெல்லாம் உனக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது?"

"உறுமன்தான் குரங்குகளை விரட்டிவிடுகிறான்..." மைனா தலையைக் குனிந்தது. "பதிலுக்கு, 'இன்று என்ன சேதி?' என்று கேட்பான். இனிமேல் சொல்லவே மாட்டேன். சத்தியம்!"

"பாவம், நம்பலாமே. இதைவிட வேகமாக யார் பறப்பார்கள்?" என்றது கொம்பன் என்ற கலைமான்.

"இவள் மனசாரத்தான் சொல்கிறாள். ஆனால் உறுமன் பல்லைக் காட்டினால் என்ன செய்வாள்?" என்று கேட்டது செம்பி.

அப்போது கரையோரப் பட்டமரத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் கேட்டது. டொக்கன் என்ற மரங்கொத்திதான்.

"டொக்கா, எங்கள் செய்தியை நீ கொண்டுவருவாயா?" என்று கேட்டது செம்பி.

"எத்தனை தட்டு என்று சொல்லுங்கள், தட்டுகிறேன். என்ன செய்தி என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். எனக்கு எதற்கு அது?"

"காடே கேட்குமே!" என்று சிரித்தது கொம்பன்.

"கேட்கட்டும்!" என்றது செம்பி.

அன்று நண்பகலில், செந்நாய்கள் நிழலில் உறங்கும் நேரம், கூட்டமாகப் போனால் குளம்புச் சத்தத்தில் அவை விழித்துவிடும் என்பதால், செம்பி தனியாக நீந்தி ஆற்று நடுவிலிருந்த பாறைக்குப் போனது. நீலியும் எதிரிலிருந்து நீந்தி வந்தது. எத்தனை தட்டுக்கு என்ன பொருள் என்று இரண்டும் காதோடு காதாகப் பேசி முடிவு செய்தன. தண்ணீரின் இரைச்சலில் மேலே பறந்த மைனாவுக்கு ஒரு சொல்கூட எட்டவில்லை.

மறுநாள் காலை நீலி தரையில் குளம்பால் தட்டிக் காட்டியது. அதைப் பார்த்த டொக்கன் தன் பட்டமரத்துக்குப் பறந்து வந்து, அதே மாதிரி தட்டியது. டொக் டொக்! டொக் டொக் டொக் டொக் டொக்! டொக்!

செம்பியின் காதுகள் விறைத்தன. "கிளம்புங்கள்!" என்றது மெல்ல.

உறுமனுக்கும் அந்தச் சத்தம் கேட்டது. எறும்பு தின்ன மரத்தடிக்கு இறங்கிய டொக்கனின் வாலை அது ஒரே பாய்ச்சலில் மிதித்துக்கொண்டது.

"என்ன செய்தி? சொல்!"

"இரண்டு, ஐந்து, ஒன்று."

"அப்படியென்றால்?"

"எனக்கே தெரியாது! வேண்டுமானால் மறுபடி தட்டிக் காட்டுகிறேன்."

தட்டிக் காட்டியது. செந்நாய்கள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டன.

"இரண்டு என்றால் இரண்டாம் துறை!" என்றது ஒன்று.

"இல்லை, ஐந்து மான்கள் வருகின்றன!" என்றது மற்றொன்று.

"முட்டாள்களே, ஒன்று என்றால் பாறைத்துறை!" என்று கத்தியது உறுமன். "ஏய், இன்னொரு தடவை தட்டு!"

டொக்கன் மூன்றாம் முறையும் தட்டியது. அதே நேரம் மணல்துறையில் சளப் சளப் என்று தண்ணீர் தெறித்தது. உறுமன் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தது. வால் விடுபட்டதும் டொக்கன் விர்ரென்று பறந்தது!

செந்நாய்கள் மணல்துறைக்கு ஓடியபோது, காலில் காயம்பட்ட குட்டிகூட அக்கரை ஏறிவிட்டது. காட்டெருமைகள் தலை நிமிர்ந்து பார்த்தன. உறுமன் தண்ணீரில் கால் வைக்காமல் நின்றுவிட்டது.

வடகரையில் ஒரே கொண்டாட்டம்! குட்டிகள் துள்ளின. மஞ்சரி பறந்து வந்து கேட்டது: "எப்படி முடிந்தது? இரண்டு, ஐந்து, ஒன்று என்றால் என்ன?"

"அதுவா? இரண்டு என்றால்..." என்று கொம்பன் உற்சாகமாக வாயைத் திறந்தது.

நீலி ஒரு கவளம் பச்சைப் புல்லை அதன் வாயில் திணித்தது. "முதலில் சாப்பிடு!"

நீதி: ரகசியத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்பவரைவிட, அதை அறியவே முடியாதவர் வழியாக அனுப்புவதே மேல், அனுப்பிய பின் நம் வாயையும் காக்க வேண்டும்.