கிடா கேட்ட முதல் தண்ணீர்

அந்தக் காலத்தில் ஆடு மாடுகளுக்கும் பேச்சு இருந்தது. வழக்குப் பேசத் தெரியும், வையத் தெரியும், வாய்க்கு வாய் பதில் சொல்லத் தெரியும். கல்வாசல் என்ற கோட்டை நகரத்தில் ஊர்க்கூட்டம் போட்டால் அவையும் வந்து நிற்கும். காளைக்கு முன்வரிசை. அதற்கு அடுத்து குதிரை. நாய் வாசலில் படுத்துக்கொள்ளும். கழுதைக்குக் கடைசியில், சுவர் ஓரம். ஆட்டுக்கு என்று இடமே கிடையாது. கிடைத்த சந்தில் நின்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

கல்வாசல் பெரிய ஊர் இல்லை. நாலு வீதி, ஒரு தெப்பக்குளம், சுற்றிலும் கல் மதில். எந்த ராஜாவோ கட்டி எந்த ராஜாவோ விட்டுப்போன கோட்டை. ராஜா போனாலும் ராஜா காலத்து வழக்கத்தை ஊர் விடவில்லை. ஆடி மாதம் வடக்குவாசல் காவலம்மனுக்குக் கொடைத் திருவிழா. யாருக்கு முதல் மாலை, யாருக்கு முதல் தண்ணீர் என்று வருஷா வருஷம் அடிதடி நடக்கும். அது முடிந்துதான் கொடை நடக்கும். முதல் தண்ணீர் என்பது வேறொன்றும் இல்லை, பூசாரி தலையில் தெளிக்கிற மஞ்சள் தண்ணீர். ஒரு கை தண்ணீர். அதற்காக அண்ணனும் தம்பியும் முகத்தில் முழிக்காமல் போன வீடுகள் அந்த ஊரில் உண்டு.

கொடையின் முடிவில் அம்மனுக்கு ஒரு கிடா. அதை ஆக்கி நாலு வீதிக்கும் விருந்து.

விருந்தில்தான் சிக்கல். அந்தக் காலத்துக் கிடா சும்மா கத்தாது, பேசும். "ஏ வீரணா, போன வாரம் உன் கையால அகத்திக்கீரை தின்னேனே. அந்தக் கையா இது?" என்று பேர் சொல்லிக் கேட்கும். கேட்டுவிட்டு அது செத்துப்போய்விடும். கேட்டவன் காதில் அந்தப் பேச்சு நிற்கும். இலையில் சோறு விழும், குழம்பு மணக்கும், கை வாய்க்குப் போகாது. ஆக்கியதில் பாதியை மதிலுக்கு வெளியே காக்காய்க்குக் கொட்டுவார்கள். அந்தக் காக்காய்க்கும் பேச்சு இருந்ததே. "உப்பு பத்தலை" என்று குறை சொல்லிக்கொண்டே தின்னும்.

ஒரு வருஷம் ஊர் பொறுக்கியெடுத்த கிடாவுக்குச் செவலை என்று பேர். தெப்பக்குளத்துக் கரையில் புல் அறுத்து விற்ற இருளாயி வளர்த்தது. பிறந்த அன்றே தாய் செத்துப்போன குட்டி. கஞ்சித்தண்ணீரைத் துணியில் நனைத்து ஊட்டி ஆளாக்கினாள். அவளுக்கு வேறு ஆள் கிடையாது. ஊர் கேட்டால் கொடுக்கமாட்டேன் என்று சொல்லவும் அவளுக்கு வழி கிடையாது.

ஆனால் செவலைக்கு வாய் இருந்தது. அது ஊர்க்கூட்டத்துக்குப் போயிற்று. சந்தில் நிற்கவில்லை. நேரே நடுவில் போய் நின்றது.

ஊர்த்தலைவர் வீரணன் அம்பலம் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, கட்டை யாரு அவுத்துவிட்டது?"

"நானே அவுத்துக்கிட்டேன். என் கழுத்தைத்தானே கேக்குறீங்க. அதை என்கிட்டதானே கேக்கணும்?"

"கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவ."

"சொன்னா விட்டுடணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

கூட்டம் சிரித்தது. செவலை சிரிப்பு அடங்கும்வரை அசை போட்டுக்கொண்டு நின்றது. பிறகு தன் சரக்கை எடுத்து வைத்தது.

"உங்க குறை என்ன? நாங்க பேசுறோம், உங்களுக்குச் சோறு இறங்கலை. சரி, பேச்சை விட்டுத்தர்றோம். இனிமே கிடாவை ஊரறிய நிறுத்திக் கேளுங்க. சம்மதம்னா அது தலையில இருந்து வால் வரைக்கும் ஒரு குலுக்கு குலுக்கும். குலுக்கினதுக்கு அப்புறம் வாயைத் திறக்காது. எவன் பேரும் வராது, நீங்க நிம்மதியாச் சாப்பிடலாம். சம்மதம் இல்லைன்னா அசையாம நிக்கும். நின்னா அவுத்துவிட்டுட்டு அம்மனுக்குப் பூசணிக்காயை உடைங்க."

அம்பலம் மீசையைத் தடவினார். "எந்தக் கிடாடா தானாக் குலுக்கும்? எல்லாம் கல்லு மாதிரி நிக்கும். ஊரு வருஷா வருஷம் பூசணிக்காயைத் திங்கவா?"

"கிழடு தட்டினது இருக்கும், நோயில கிடக்குறது இருக்கும். போறேன்னு சொல்றவன் சொல்லுவான். அது உங்க அதிர்ஷ்டம்."

"முடியாது."

"முடியாதுன்னா பழையபடியே வச்சுக்குவோம். நான் பேசிட்டே போறேன்." செவலை கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. "நாலு வீதியில நான் மேயாத கொல்லை கிடையாது. யாரு எந்தச் சுவரேறிக் குதிச்சாங்கன்னு தெரியும். காணாமப்போன கோயில் குத்துவிளக்கு எந்த வைக்கோல் போருக்குள்ள இருக்குன்னும் தெரியும். அதையெல்லாம் அம்மன் முன்னாடி சொல்லிட்டுத்தான் கழுத்தை நீட்டுவேன்."

கூட்டத்தில் நாலைந்து பேர் ஒரே நேரத்தில் இருமினார்கள். காளை தரையை முகர்ந்தது. அம்பலம் தன் கால்விரலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார்.

தாம்பூலத் தட்டை வைத்தார்கள். ஒரு பக்கம் அம்பலம் கையை வைத்தார், மறுபக்கம் செவலை குளம்பை வைத்தது. பேச்சு முடிந்தது. முடிந்ததும் கிடா அந்த வெற்றிலையையும் தின்றுவிட்டது.

வெற்றிலையைத் தின்ற கையோடு அது வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். பேரம் படிந்த பிறகு ஒருத்தன் அங்கே நிற்கக் கூடாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். நின்றவனெல்லாம் கெட்டிருக்கிறான்.

செவலை நின்றது. ஊரே தனக்கு முன்னால் வாயடைத்துப் போனதைப் பார்த்து அதற்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

"இன்னொண்ணு," என்றது.

சுவர் ஓரத்திலிருந்து கழுதை சொன்னது: "போதும்டா. வா போகலாம்."

"நீ சும்மா இரு. கடைசி வரிசையில நிக்கிறவனுக்கு மரியாதையைப் பத்தி என்ன தெரியும்? கொடை அன்னைக்கு நான் ஊருக்குச் சமமா நிக்கப்போறவன். முதல் மாலை எனக்கு. முதல் தண்ணியும் எனக்கு."

கழுத்தைக் கேட்டபோது உட்கார்ந்தே பேசிய அம்பலம் இதற்கு எழுந்துவிட்டார். "முதல் தண்ணியா? என் பாட்டன் மண்டை உடைஞ்சு வாங்கின தண்ணிடா அது. மேலவீதிக்காரனுக்கே கொடுக்காததை உனக்குக் கொடுப்பேனா? உயிரைக் கேட்ட, கொடுத்தேன். தண்ணியைக் கேக்காத."

பூசாரி கூத்தாண்டி அதுவரை வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு சும்மா இருந்தவர். வெளியே போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கொடுத்துடுங்க அம்பலக்காரரே."

"உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தண்ணிதானே. நல்லா, நிறைய, கேணியில இருந்து அப்பத்தான் இறைச்ச தண்ணியாவே கொடுப்போம்." குனிந்து அம்பலத்தின் காதில் ஏதோ சொன்னார்.

அம்பலத்தின் முகம் மெல்ல மாறியது. உட்கார்ந்தார். "சரிப்பா செவலை. என் தண்ணியை உனக்கு விட்டுத்தர்றேன். முதல் தண்ணி உனக்குத்தான். தட்டுல வச்சதாவே எடுத்துக்க."

புல்லுக்கட்டை இறக்கிவைத்துவிட்டு அப்போதுதான் வந்து, நடந்ததைப் பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்ட இருளாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயா, அது தெரியாமக் கேட்டுருச்சு. மாலையும் வேண்டாம் தண்ணியும் வேண்டாம். முன்னால பேசினது மட்டும் இருக்கட்டும்."

"கேட்டது அது, கொடுத்தது ஊரு. நடுவுல நீ யாரு ஆத்தா?" என்றார் அம்பலம்.

அவள் கிடாவின் கொம்பைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அடேய், ஒரு தூறல் விழுந்தா என் கட்டிலுக்கு அடியில ஓடிவந்து உதறுவியே. கட்டிலே நனைஞ்சு போகுமே. தண்ணி பட்டா உன்னால குலுக்காம நிக்க முடியுமா?"

செவலையின் காது இரண்டும் தொங்கிப்போயின. அப்போதாவது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கேட்டு வாங்கிய மரியாதையைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் கல்வாசலில் அதுவரை பிறந்ததில்லை. கிடாவும் அந்த ஊர்க்காரன்தானே.

"நிப்பேன் ஆத்தா," என்றது.

கொடை வரும்வரை இருளாயி அதைத் தெப்பக்குளத்துப் படியில் நிறுத்திப் பழக்கினாள். ஒரு கை தண்ணீர் எடுத்து முதுகில் விடுவாள். அது பல்லைக் கடிக்கும், கண்ணை மூடும், நாலு காலையும் ஊன்றும். அப்புறம் உதறிவிடும். மறுபடி விடுவாள். மறுபடி உதறும். துறையில் துணி மூட்டையோடு நின்ற கழுதை பார்த்துக்கொண்டே இருந்தது. கடைசியில் தாங்க முடியாமல், "ஆத்தா, தண்ணியைப் பழக்காதே, தோலைப் பாரு," என்றது.

அவளுக்குப் புரிந்தது. புல் விற்றதையெல்லாம் போட்டு விளக்கெண்ணெய் வாங்கினாள். கொடைக்கு முந்தின நாள் முழுக்க அந்தக் கிடாவின் முடியைப் பிரித்துப் பிரித்துத் தோலில் படும்படி தேய்த்தாள். வெயிலில் நிறுத்தி மறுபடி தேய்த்தாள். கையில் தண்ணீர் எடுத்து விட்டுப் பார்த்தாள். தாமரை இலையில் விட்ட மாதிரி உருண்டு போயிற்று. செவலை திரும்பிப் பார்த்து, "விட்டுட்டியா?" என்று கேட்டது.

கொடை அன்று வடக்குவாசலில் நாலு வீதியும் நின்றது. கொட்டு முழங்கியது. முதல் மாலை செவலையின் கழுத்தில் விழுந்தது. மேலவீதிக்காரர்கள் அம்பலத்தின் வெறும் கழுத்தைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். அம்பலம் அதையும் பொறுத்துக்கொண்டு முன்னால் வந்து கேட்டார்.

"செவலை, அம்மனுக்குப் போறியா?"

பூசாரி செம்பைச் சாய்த்தார். முதுகில் விழுந்த தண்ணீர் இரண்டு பக்கமும் வழிந்து மண்ணுக்குப் போயிற்று. கிடா நின்றது.

கூத்தாண்டி முதுகைத் தொட்டு விரலை முகர்ந்து பார்த்தார். எண்ணெய். இருளாயியைத் தேடிப்பிடித்துப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"போறியா?" என்றார் அம்பலம் மறுபடியும்.

இந்தத் தடவை பூசாரி இரண்டு கொம்புக்கும் நடுவில் விட்டார். நெற்றியில் இறங்கிக் கண்ணுக்குள் போயிற்று. கிடா கண்ணை மூடிக்கொண்டது. உடம்பு அசையவில்லை. கூட்டத்தில் யாரோ, "பூசணிக்காய் கொண்டுவந்திருக்கீங்களாப்பா?" என்று கேட்டார்கள். அம்பலம் பூசாரியின் பக்கம் சாய்ந்து, "உன் பேச்சைக் கேட்டு மாலையும் போச்சு, கறியும் போச்சு," என்றார்.

கூத்தாண்டி கிடாவின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு காதைப் பிரியமாகப் பிடித்துத் தூக்கினார். காதுக்குள் யாரும் எண்ணெய் தேய்த்திருக்கவில்லை. செம்பில் மிச்சமிருந்ததை அதற்குள் ஊற்றினார்.

செவலை குலுக்கியது. கொம்பில் தொடங்கியது, கழுத்து, விலா, தொடை என்று போய் வால் நுனியில் முடிந்தது. மாலைப் பூ உதிர்ந்தது. அம்பலத்தின் முகத்தில் தண்ணீர் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

கிடா வாயைத் திறந்தது. இது சம்மதம் இல்லை, தண்ணீர் என்று சொல்ல ஒரு மூச்சு போதும். அந்தக் குத்துவிளக்கைப் பற்றிச் சொல்ல இன்னொரு மூச்சு போதும். கூட்டத்தில் சிலர் காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார்கள். ஆனால் குலுக்கின பிறகு பேசுவதில்லை என்று தட்டில் குளம்பை வைத்தது அதுதான். இருளாயி நின்ற பக்கம் ஒரு பார்வை பார்த்தது. வாயை மூடிக்கொண்டது.

அன்றுதான் கல்வாசலில் எல்லா இலையும் வழித்துத் துடைத்த மாதிரி காலியானது. காக்காய்க்கு ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

செவலையின் இனம் அதற்குப் பிறகு மனிதரிடம் பேசவில்லை. பேசி வாங்கினது இவ்வளவுதான் என்று கழுதை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தது. பிறகு அதுவும் நிறுத்திக்கொண்டது. பார்த்துவிட்டு மாடும் குதிரையும் நாயும் ஒவ்வொன்றாக வாயை மூடின.

இருளாயி தன் பங்குக் கறியை வாங்கவில்லை. அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள். செவலை நின்ற நடு இடத்தில் நின்றாள்.

"எல்லாரும் நல்லாச் சாப்பிட்டீங்களா?"

எல்லாரும் தன்னைப் பார்த்ததால் அம்பலம்தான் சொல்ல வேண்டியிருந்தது. "சாப்பிட்டோம் ஆத்தா."

"அது எதுவும் சொல்லலையே?"

"சொல்லலை."

"அது சொன்ன சொல்லுக்கு நின்னுச்சு. நீங்களும் நில்லுங்க. தண்ணி ஊத்துறதை இனிமே நான் நிறுத்த முடியாது, கேட்டு வாங்கினது என் பிள்ளை. ஆனா ஒரு செம்புதான். முதுகுல ஊத்துங்க, காதுல ஊத்துங்க, அந்தச் செம்பு காலியான பிறகும் நின்னா அவுத்து விட்டுடணும்." தாம்பூலத் தட்டை அவளே இழுத்து முன்னால் வைத்தாள். "கையை வைங்க."

அம்பலம் கையை வைத்தார். அவள் அதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

எப்போதாவது ஒரு வருஷம் ஒரு கிடா நின்றுவிடும். நின்றதை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது எந்த வீட்டுக் கொல்லையில் மேய்ந்தாலும் ஒருவரும் விரட்டுவதில்லை. மற்ற வருஷங்களில் குலுக்கிவிடும். அன்று முதல்தான் கல்வாசலில் கிடாவைக் கேட்காமல் யாரும் கத்தியைத் தொடுவதில்லை. தண்ணீர் ஊற்றாமல் யாரும் கேட்பதும் இல்லை.