செவந்தியும் பிரியாத சாறும்

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, வெள்ளரிக்காட்டு ராஜ்யத்துல சடையன்னு ஒருத்தன் இருந்தான். ஆள் வர்றதுக்கு முன்னாடியே அவன் வாய் வந்து நிக்கும்.

ஒரு நாள் மந்திரக்காரி நாகாத்தா அவனுக்கு விருந்து வெச்சா. பச்சைக் கீரை, வெள்ளரி, முள்ளங்கி, மேல ஊத்த ஒரு சாறு. நம்மாளு சும்மா இருந்தானா?

"என்னக்கா, ஆட்டுக்கு வெச்சத எனக்குப் போட்டுட்ட?"

நாகாத்தா கோவமே படல. விரல மட்டும் சொடுக்கினா. சடையன் "மே"ன்னான்.

பொண்டாட்டி செவந்தி ஓடி வந்தா. "அக்கா, மனசு வைங்க. நாளைக்கு ராஜா வீட்டு விருந்து. கசாப்புக்கடை வீரண்ணன் இப்பவே இவரு முதுகத் தடவிப் பாத்துட்டுப் போறாரு."

"அதே சாற நீ செய்யி. எண்ணெயும் எலுமிச்சையும் பிரியாம நிக்கணும். அத ஊத்தின கீரைய அவன் தின்னா சாபம் போயிரும்." பக்குவமும் சொன்னா. "நல்லெண்ணெய், எலுமிச்சம்பழம், தேன், உப்பு, மிளகு. அவ்ளோதான்."

செவந்தி கரண்டியால கலக்கினா. மேல எண்ணெய், கீழ எலுமிச்சை, நடுவுல செவந்தியோட பெருமூச்சு. சடையன் "மே"ன்னான்.

மத்தால கடைஞ்சா. மேல எண்ணெய், கீழ எலுமிச்சை, நடுவுல பெருமூச்சு. "மே."

சுரைக்குடுக்கையில ஊத்தி, குதிச்சுக் குதிச்சுக் குலுக்கினா. மேல எண்ணெய், கீழ எலுமிச்சை. பெருமூச்சு விடக்கூட மூச்சு இல்ல. "மே."

"நீங்க பேசாதீங்க"ன்னு சொல்லிட்டு யோசிச்சா.

அந்த ராஜ்யத்துல ஒரு வழக்கம். யாருக்குப் பக்குவம் சொன்னாலும் ஒரு சாமான மட்டும் சொல்லாம முழுங்கிடுவாங்க. செவந்தியும் லேசுப்பட்டவ இல்ல. அவ ரசத்துல என்ன போடுறான்னு கூடப்பிறந்த தங்கச்சிக்கே தெரியாது. நேரா போய்க் கேட்டா நாகாத்தா சொல்லுவாளா? அதனால சிரிச்சுக்கிட்டே போனா.

"அக்கா, பிரமாதமா வந்துருச்சு. நீங்க சொன்ன அஞ்சே சாமான்தான்."

நாகாத்தா மூஞ்சி சுருங்கிச்சு. "ஒட்டியிருக்காதே?"

"பசை மாதிரி நிக்குதுக்கா. உங்களுதவிடக் கெட்டி."

"என்னுதவிடவா? கடுகு அரைச்சுப் போடாம எப்படிடி ஒட்டும்?" கேட்டு முடிச்சதும் வாயைப் பொத்திக்கிட்டா. செவந்தி அதுக்குள்ள தெருவத் தாண்டிட்டா.

கடுக மையா அரைச்சா. எலுமிச்சைச் சாறுல கலந்தா. எண்ணெயச் சொட்டுச் சொட்டா விட்டு அடிச்சா. சாறு வெண்ணெய் மாதிரி தெரண்டு, பிரியாம நின்னுச்சு. கீரையில ஊத்தி நீட்டினா. சடையன் ஒரு வாய் தின்னான், கொம்பு போச்சு. ரெண்டாவது வாய், வாலு போச்சு. மூணாவது வாய்க்கு மனுஷனா உக்காந்து, "இன்னும் கொஞ்சம் போடு புள்ள"ன்னான்.

வாசல்ல வீரண்ணன், கையில கயிறு. "ஆடு எங்கம்மா?"

"ஆடு ஏதுண்ணே? என் வீட்டுக்காரர்தான் சாப்பிடுறாரு. நீங்களும் ஒரு வாய் பாருங்க."

ஒரு வாய் பாத்தாரு. இன்னொரு வாய் பாத்தாரு. அப்புறம் கயித்தக் கீழ போட்டுட்டு, சம்மணம் போட்டு உக்காந்துட்டாரு.

மறுநாள் ராஜா விருந்துல குண்டான் குண்டானா கீரைதான். ராஜா கிண்ணத்த வழிச்சு நக்கிட்டு, அரண்மனைச் சமையக்கட்டையே செவந்தி கையில குடுத்துட்டாரு. சடையன் நாகாத்தா கால்ல விழுந்தான். அவளும் சிரிச்சுட்டா.

அவங்க எல்லாரும் நல்லா இருந்தாங்க. அந்த ஊரு ஆடுங்க அதைவிட நல்லா இருந்துச்சுங்க.