நிரம்பி வழிந்த பொந்து

மழை விட்டு விட்டுப் பெய்யும் ஒரு காட்டில், ஓரிடத்தில் நிற்கத் தெரியாத அணில் ஒன்று இருந்தது. தின்னும்போதும் ஓடும். தூங்கும்போதும் அதன் வால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனிடம்தான் அணில் கூட்டம் தன் தானியக் காவலை ஒப்படைத்திருந்தது!

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. வாகை மரப் பொந்தில் ஒரு பயறு போட்டால், பக்கத்து இலுப்பை மரப் பொந்திலும் ஒன்று போட வேண்டும். ஒரு பொந்து கெட்டாலும், மற்றதை வைத்து அடைமழை முடியும்வரை குட்டிகள் பசியாறலாம்.

ஒரு நாள் மரங்கொத்தி படபடவென்று மரத்தைத் தட்டியது.

"அணில் தம்பி! ஏதோ ஒரு பொந்தில் மழைத்தண்ணீர் இறங்கிவிட்டது. வாடை வருகிறது. எதுவென்று உள்ளே போய்..."

அது சொல்லி முடிப்பதற்குள் அணில் வாகை மரத்தில் ஏறிவிட்டது. அங்கே பயறு விளிம்புவரை நிரம்பியிருந்தது. இலுப்பைக்குத் தாவி எட்டிப் பார்த்தது. அங்கே பாதிப் பொந்துக்குத்தான் பயறு இருந்தது. நேற்று எவ்வளவு இருந்தது என்று நினைத்துப் பார்க்க அதற்குப் பொறுமை ஏது?

"ஐயோ, இலுப்பைதான் போச்சு! பாதிப் பயறு அழுகிக் கரைந்துவிட்டது!"

"பதறாதே. இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்துக் கடித்துப் பார்."

"கடித்துப் பார்க்கிற நேரமா இது, அக்கா? வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு பொந்தும் சமமாக இல்லையென்றால் என்னைத்தான் ஏசுவார்கள்!"

வாகையில் அள்ளியது, இலுப்பையில் கொட்டியது. மறுபடி ஓடியது. கையில் ஏதோ வழுவழுத்தது. அப்போதும் அது நிற்கவில்லை. கடைசியில் இரண்டு பொந்தும் சமமாயின. அணிலுக்கு ஒரே பெருமை.

அடைமழை பிடித்துக்கொண்டது. சில நாளில் குட்டிகள் பசியோடு வந்தன. வாகையில் கையை விட்டால் ஒரே பூஞ்சை. இலுப்பையிலும் அதே பூஞ்சை.

"அக்கா, வாகை நிரம்பித்தானே இருந்தது?" என்று அணில் அழுதது.

"நனைந்த பயறு ஊதும், தம்பி. அதனால்தான் நிரம்பித் தெரிந்தது. பாதியாய்க் கிடந்ததுதான் காய்ந்த பயறு, நல்ல பயறு. அதன் மேல்தான் நீ அழுகலைக் கொட்டிவிட்டாய்."

"அப்படியானால் நாங்கள் எந்தப் பொந்தில் சாப்பிடுவது?" என்று கேட்டது ஒரு குட்டி.

அணிலின் வால் அன்றுதான் ஆடாமல் நின்றது.

நீதி: எது கெட்டது, எது நல்லது என்று பார்க்காமல் சரிசெய்யப் போனால், மிஞ்சியிருந்த நல்லதும் கெட்டுவிடும்.